வகுப்பறையிலிருந்து விண்வெளிக்கு

நுழையும்முன்

வானத்தை அண்ணாந்து பார்ப்பது எல்லார்க்கும் இயல்பு. அங்கே சென்று சேரும் ஒரு பொருளைத் தம் கையால் செய்ய முனைவது சிலர்க்கே உரிய துணிவு. அத்துணிவு பெரிய ஆய்வு நிறுவனங்களுக்கு மட்டும் உரியது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால், பல்கலைக்கழக மாணவர்கள் தம் வகுப்பறையிலும் ஆய்வகத்திலும் வடிவமைத்த செயற்கைக்கோள்கள் இன்று புவியைச் சுற்றி வந்துள்ளன. மாணவர்களே உருவாக்கிய ஏவூர்தி விண்வெளியின் எல்லையைக் கடந்துள்ளது. அவர்களின் உழைப்பையும், அவர்கள் சந்தித்த தோல்விகளையும், அத்தோல்விகளிலிருந்து கற்றுக்கொண்ட முறையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

காவிரிக் கரையும் வாணமும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூர் செல்லும் சாலையில், காவிரியின் தென்கரையில் அமைந்துள்ள ஊர் ஜீயபுரம். வாழைத் தோட்டங்களும் வயல்களும் சூழ்ந்தது. ஈரோடு செல்லும் இருப்புப்பாதை ஊரின் வழியாகச் செல்கிறது. சற்று மேற்கே, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு இருக்கிறது. பங்குனித் திருவிழாவின்போது திருவரங்கத்து நம்பெருமாள் இவ்வூர் மண்டபத்துக்கு எழுந்தருளுவது வழக்கம்.

காவிரிக்கரை ஊர்த் திருவிழாக்களில் வாணம் விடுவதைப் பார்க்காத சிறுவர் இருக்கமாட்டார். திரியில் நெருப்பு வைத்ததும் வாணம் சீறிக்கொண்டு மேலே பாய்கிறது. பார்ப்பவர் அனைவரும் அதன் ஒளியை வியக்கின்றனர். 'அது ஏன் மேலே செல்கிறது?' என்று கேட்பவர் மிகச் சிலரே. வெடிமருந்து எரியும்போது உண்டாகும் வளி கீழ்நோக்கி வேகமாக வெளியேறுகிறது. அதன் எதிர்விளைவாக வாணம் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதியே இது. திருவிழா வாணத்தை மேலே செலுத்தும் அதே விதிதான், பல நூறு டன் எடை கொண்ட ஏவூர்தியையும் மேலே செலுத்துகிறது.

அங்ஙனமாயின், இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு? விண்வெளியின் தொடக்கமாகப் பலரும் கொள்ளும் எல்லை, கடல் மட்டத்திலிருந்து 100 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. அதனைக் 'கார்மன் கோடு' என்பர். ஜீயபுரத்தில் தொடர்வண்டி ஏறினால், கரூரைக் கடந்து ஈரோட்டை அடையும் முன்பே 100 கிலோமீட்டர் ஆகிவிடும். கிடையாகச் சென்றால் ஓரிரு மணி நேரப் பயணம். செங்குத்தாகச் சென்றால் விண்வெளி. தொலைவு பெரிதன்று, அத்திசையில் செல்வதே அரிது.

தெரியுமா?

ஓட்டுநர் இல்லாமல் செல்லும் வானூர்தியைப் பற்றிய குறிப்புப் புறநானூற்றின் 27ஆம் பாடலில் உள்ளது. சோழன் நலங்கிள்ளியைப் பாடிய அப்புலவர் உறையூர் முதுகண்ணன் சாத்தனார். அவர் ஊராகிய உறையூர் இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதி. அது புலவரின் கற்பனையே அன்றி, அக்காலத்தில் அத்தகைய ஊர்தி இருந்ததற்குச் சான்றன்று. எனினும், கற்பனை முன்னே செல்ல, அறிவியல் பின்னே வந்து சேர்வது உலகெங்கும் காணப்படும் இயல்பு.

திருச்சியில் தொடங்கிய பாதை

1950ஆம் ஆண்டு, இராமேசுவரத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் சேர்ந்தார். 1954இல் இயற்பியலில் பட்டம் பெற்றார். அவரே பின்னாளில் இந்தியக் குடியரசின் தலைவராக உயர்ந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம். திருவரங்கத்தில் வளர்ந்து, எழுத்தாளர் சுஜாதாவாக அறியப்பட்ட ரங்கராஜனும் அக்கல்லூரியில் பயின்றவரே. இருவரும் பின்னர்ச் சென்னை, குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் கற்றனர்.

கலாம் அக்கல்லூரியில் சேரக் கட்டணம் செலுத்தப் பணம் இல்லை. அவருடைய அக்கா ஜொகரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார். அங்கே கலாமும் உடன் பயின்றவர்களும் தாழ்வாகப் பறந்து தாக்கும் வானூர்தி ஒன்றை வடிவமைக்கும் பணியை ஏற்றனர். பணி மந்தமாக நடப்பதைக் கண்ட பேராசிரியர் சீனிவாசன் கடிந்துகொண்டார். கலாம் ஒரு மாதம் கேட்டார். மூன்று நாள்களே கிடைத்தன. முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்ற எச்சரிக்கையும் வந்தது. கலாம் உணவையும் உறக்கத்தையும் மறந்து வரைபலகையின் முன் நின்று உழைத்தார், பணியை முடித்தார், பேராசிரியரின் பாராட்டையும் பெற்றார். வடிவமைப்பு என்பது தனித்த அறிவு மட்டும் அன்று, குறித்த காலத்தில் குழுவாக முடிக்க வேண்டிய பொறுப்பு என்பதை அந்த மூன்று நாள்கள் அவருக்குக் கற்பித்தன.

அனுசாட்

கலாம் பயின்ற அதே குரோம்பேட்டை வளாகம் பின்னர் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாயிற்று. அங்குள்ள வான்வெளிப் பொறியியல் துறையின் ஆசிரியர்களும் மாணவர்களும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் வழிகாட்டுதலோடு ஒரு செயற்கைக்கோளை உருவாக்கினர். அதற்கு 'அனுசாட்' என்று பெயரிட்டனர். எடை 40 கிலோகிராம். 2009ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. - சி12 ஏவூர்தி அதனை விண்ணுக்குக் கொண்டு சென்றது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று இஸ்ரோவின் வழிகாட்டுதலில் உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் என்னும் பெருமை அதற்கு உண்டு.

அனுசாட் செய்த பணியை ஓர் அஞ்சல்காரரின் பணியோடு ஒப்பிடலாம். ஓர் ஊரின் மேலே செல்லும்போது அங்கிருந்து அனுப்பப்படும் செய்தியைப் பெற்றுத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். வேறோர் ஊரின் மேலே செல்லும்போது அச்செய்தியை அங்கே இறக்கும். 'சேமித்து அனுப்புதல்' என்னும் இம்முறை, இடையறாத தொலைத்தொடர்பு இல்லாத இடங்களுக்குப் பயன்படுவது.

இத்தகைய செயற்கைக்கோளை உருவாக்குவோர் எதிர்கொள்ளும் முதன்மையான இடர், பழுதுபார்க்க இயலாமை. நிலத்தில் ஓடும் வண்டி நின்றுவிட்டால் பணிமனைக்குக் கொண்டு செல்லலாம். விண்ணில் ஏறிய கருவியை யார் சென்று திருத்துவர்? ஆதலால், ஏவுவதற்கு முன்னரே அது விண்ணில் படப்போகும் எல்லாத் துன்பங்களையும் நிலத்தில் பட்டாக வேண்டும். ஏவூர்தியின் அதிர்வைத் தாங்குமா என்று அறிய அதிர்வு மேடையில் குலுக்குவர். காற்றில்லாத அறையில் வைத்து மாறிமாறிச் சூடாக்கிக் குளிர்விப்பர். புவியில் வெப்பத்தைக் காற்று எடுத்துச் செல்கிறது. வெற்றிடத்தில் அதற்கு வழியில்லை. வெயில் படும் பக்கம் கொதிக்கும், நிழல் பக்கம் உறையும். ஒரு பற்றவைப்பு விரிந்தாலும் பல ஆண்டு உழைப்பு வீணாகும்.

அனுசாட்டைத் தொடர்ந்து தமிழகக் கல்வி நிறுவனங்கள் பலவும் இம்முயற்சியில் இறங்கின. 2011 அக்டோபர் 12இல் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் 10.9 கிலோகிராம் எடையுள்ள 'எஸ்.ஆர்.எம்.சாட்' ஏவப்பட்டது. 2016 ஜூன் 22இல் சத்தியபாமா பல்கலைக்கழகத்தின் 'சத்தியபாமாசாட்' சென்றது. அதன் எடை 1.5 கிலோகிராம் மட்டுமே. இவ்விரண்டும் பசுங்குடில் வளிகளை ஆராய்வதற்கு உருவானவை. 2017 ஜூன் 23இல் குமரி மாவட்டத்து நூருல் இசுலாம் பல்கலைக்கழகத்தின் 15 கிலோகிராம் எடையுள்ள 'நியூசாட்' ஏவப்பட்டது. பயிர்களைக் கண்காணிப்பதும் பேரிடர்க் காலத்தில் உதவுவதும் அதன் நோக்கம்.

ஏவூர்தி ஏன் அரிது?

மேற்கூறிய செயற்கைக்கோள்கள் அனைத்தையும் இஸ்ரோவின் ஏவூர்திகளே சுமந்து சென்றன. பயணி மாணவர்களுடையவர், வண்டி இஸ்ரோவுடையது. அவ்வண்டியையே மாணவர்கள் செய்ய முடியுமா? இது முன்னதினும் கடினமான வினா. ஏன் என்பதைச் சிறு கணக்கின் வழியே அறியலாம்.

காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஒரு பொருள் 100 கிலோமீட்டர் உயரம் செல்ல அதற்கு நொடிக்கு 1.4 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஆனால், அப்பொருள் அவ்வுயரத்தில் தங்காது. எறிந்த கல்லைப் போல மீண்டும் விழுந்துவிடும். விழாமல் புவியைச் சுற்ற வேண்டுமாயின், கிடைத்திசையில் நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். வேகம் ஐந்தரை மடங்கு கூடுகிறது. இயக்க ஆற்றலோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், முப்பது மடங்குக்கு மேல் கூடுகிறது. விண்வெளியைத் தொடுவது வேறு, அங்கே நிலைப்பது வேறு என்பதை இதனால் அறியலாம்.

ஏவூர்தி தன் எரிபொருளைத் தானே சுமந்து செல்ல வேண்டும். அந்த எரிபொருளைத் தூக்குவதற்கும் எரிபொருள் வேண்டும். இந்தச் சுழலை 1903ஆம் ஆண்டு ஒரு சமன்பாட்டில் அடக்கிக் காட்டியவர், உருசிய நாட்டுப் பள்ளி ஆசிரியர் சியால்கோவ்சுகி. வெளியேறும் வளியின் வேகம் நொடிக்கு 2.5 கிலோமீட்டர் என்று கொண்டால், ஒரே கட்டத்தில் சுற்றுப்பாதை வேகத்தை அடைய, ஏவூர்தியின் எடையை 23 பங்காக்கி, அதில் ஏறத்தாழ 22 பங்கை எரிபொருளுக்கே ஒதுக்க வேண்டும். கூடு, பொறி, கருவிகள், செயற்கைக்கோள் ஆகிய யாவும் எஞ்சிய ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். இஃது இயலாது. எனவேதான், எரிந்து முடிந்த பகுதியைக் கழற்றி எறிந்துவிட்டு எஞ்சியது மேலே செல்லும் பலகட்ட ஏவூர்தி முறை தோன்றியது.

தவறிய ஓர் இணைப்பு

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில், இளநிலை மாணவர்கள் நடத்தும் ஏவூர்தி ஆய்வகம் ஒன்று உள்ளது. தாமே வடிவமைத்து, தாமே உருவாக்கிய ஏவூர்தியை விண்வெளிக்கு அனுப்புவது அதன் குறிக்கோள். எரிபொருள் கலப்பது, கரிமயிழையால் கூடு சுற்றுவது, மின்னணுக் கருவி அமைப்பது அனைத்தும் மாணவர் பணியே. 'டிராவலர்' என்று பெயரிட்ட அவர்களின் தொடக்க ஏவூர்திகள், ஏவிய சிறிது நேரத்திலேயே அழிந்தன. அவர்கள் மனம் தளர்ந்து கலைந்துவிடவில்லை. சிறிய ஏவூர்திகளைச் செய்து ஒவ்வொரு குறையையும் தனித்தனியே ஆராய்ந்தனர்.

2018ஆம் ஆண்டு மூன்றாம் டிராவலர் சீறி எழுந்தது. ஆனால், உயரத்தைப் பதிவுசெய்ய வேண்டிய மின்னணுக் கருவி ஏவுவதற்கு முன் உரியவாறு இயக்கப்படவில்லை. ஏவூர்தி எவ்வளவு உயரம் சென்றது என்பதற்குச் சான்று இல்லாமற் போயிற்று. பொறி பிழைக்கவில்லை, கூடு சிதையவில்லை, செய்ய வேண்டிய சிறு செயல் ஒன்று தவறியது. 'சென்றிருக்கக்கூடும்' என்று சொல்லி அவர்கள் பெருமை தேடிக்கொள்ளவில்லை. அளந்து காட்ட முடியாததை அறிவியல் ஏற்காது என்பதை அவர்கள் அறிவர். மீண்டும் ஓர் ஏவூர்தியைச் செய்தனர்.

2019 ஏப்ரல் 21ஆம் நாள், நியூ மெக்சிகோ பாலைநிலத்திலிருந்து நான்காம் டிராவலர் ஏவப்பட்டது. அது 103 கிலோமீட்டருக்கு மேல் சென்றதாகக் கணக்கிட்டனர். அக்கணக்கிலும் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் பிழை நேரலாம் என்பதையும், எல்லையைக் கடந்ததற்கான உறுதிப்பாடு 90 விழுக்காடு என்பதையும் தாமே வெளியிட்டனர். மாணவர் ஏவூர்தி ஒன்று கார்மன் கோட்டைக் கடந்தது அதுவே முதன்முறை. 2024 அக்டோபரில் அதே ஆய்வகத்தின் வேறோர் ஏவூர்தி 143 கிலோமீட்டர் உயரத்தை எட்டியது. வெற்றியோடு அதன் ஐயப்பாட்டு அளவையும் சேர்த்துச் சொல்லும் நேர்மை, அந்த உயரத்தினும் உயர்ந்தது.

விழுந்தும் எழுந்தும்

தோல்வியை எதிர்கொள்ளும் முறையை நம் நாட்டு வரலாறும் கற்பிக்கிறது. கலாம் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி. - 3 ஏவூர்தி, 1979 ஆகஸ்டு 10இல் வங்கக் கடலில் விழுந்தது. அன்று செய்தியாளர்களை எதிர்கொண்டு பொறுப்பை ஏற்றவர், இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவன். 1980 ஜூலை 18இல் அதே வகை ஏவூர்தி வென்றபோது, அவர் கலாமையே செய்தியாளர்களிடம் பேசச் செய்தார். தோல்வியைத் தான் ஏற்று, வெற்றியைக் குழுவுக்கு அளித்த அப்பண்பைக் கலாம் வாழ்நாள் முழுவதும் நினைவுகூர்ந்தார்.

அண்மையில் நிகழ்ந்த ஒன்றும் கருதத்தக்கது. நாடெங்கும் உள்ள அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியர் 75 சிறு கருவிகளை உருவாக்கினர். அவர்களுள் மதுரை மாவட்டம் திருமங்கலத்து அரசுப் பள்ளி மாணவியரும் இருந்தனர். சென்னையிலுள்ள 'ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா' அமைப்பு அக்கருவிகளை ஒன்றிணைத்து 'ஆசாதிசாட்' என்னும் செயற்கைக்கோளாக்கியது. 2022 ஆகஸ்டு 7இல் புதிய சிறு ஏவூர்தி அதனைச் சுமந்து சென்றது. உணரிகளில் நேர்ந்த கோளாற்றால் அது வட்டப் பாதையில் சேராமல், புவியை 76 கிலோமீட்டர் வரை நெருங்கும் நீள்வட்டப் பாதையில் விடப்பட்டது. அவ்வளவு தாழ்வான பாதையில் எச்செயற்கைக்கோளும் நிலைக்காது. மாணவியரின் உழைப்பு வளிமண்டலத்தில் மறைந்தது. தவறு அவர்களுடையதன்று, எனினும் இழப்பு அவர்களுடையது. ஆறு மாதங்களில் 'ஆசாதிசாட் - 2' ஆயத்தமானது. 2023 பிப்ரவரி 10இல் அது 450 கிலோமீட்டர் உயரத்தில் சேர்க்கப்பட்டது.

நம் மண்ணில் ஏவூர்தி

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் அரவணைப்பில் 2017இல் தொடங்கப்பட்ட 'அக்னிகுல்' என்னும் இளம் நிறுவனம், ஏவூர்தியையே உருவாக்கும் பணியை மேற்கொண்டது. ஸ்ரீநாத் இரவிச்சந்திரன், மொயின் ஆகியோர் பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தியின் துணையோடு இதனைத் தொடங்கினர். வழக்கமாக, ஏவூர்திப் பொறி பல உறுப்புகளைப் பற்றவைத்து ஆக்கப்படும். ஒவ்வொரு பற்றவைப்பும் பழுது நேரக்கூடிய இடம். இவர்களோ, உலோகத் தூளை அடுக்கடுக்காக உருக்கி வளர்க்கும் முப்பரிமாண அச்சு முறையில் பொறியை ஒரே துண்டாக ஆக்கினர்.

முன்னர்ச் சிலமுறை ஏவுதல் நிறுத்தப்பட்டது. இறுதி நொடிகளில் ஓர் எண் மாறுபட்டாலும் ஏவாமல் நிறுத்துவது கோழைமை அன்று. அதுவும் ஓர் ஒழுக்கமே. 2024 மே 30ஆம் நாள் காலை, ஸ்ரீஹரிகோட்டாவில் தாமே அமைத்த ஏவுதளத்திலிருந்து 'அக்னிபான்' சோதனை ஏவூர்தி எழுந்தது. அது சுற்றுப்பாதைக்குச் செல்வதற்கு உரியதன்று. தொழில்நுட்பத்தைச் சோதிக்கும் முதற்படி. அதே ஆண்டு பிப்ரவரி 28இல் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்திசையில் செல்லும் ஏவூர்தி இலங்கையைத் தவிர்க்க வளைந்து செல்ல வேண்டியுள்ளது. குலசேகரன்பட்டினத்திலிருந்து நேராகத் தெற்கே செல்லலாம். இதனால் எரிபொருள் மிச்சமாகும். சிறிய ஏவூர்திகளுக்கு அது பெரும்பயன்.

நம்முன் உள்ள வினா

மாணவர்களே! ஏவூர்தியை உருவாக்குவது வெடிமருந்தை வைத்து விளையாடுவது அன்று. உந்துபொருள்கள் உயிரைப் பறிக்கும் ஆற்றல் உடையவை. வல்லுநர் மேற்பார்வையும் அரசின் இசைவும் பாதுகாப்பான இடமும் இன்றி அவற்றைத் தொடுதல் கூடாது. நீரையும் காற்றழுத்தத்தையும் கொண்டு இயங்கும் புட்டி ஏவூர்தியே ஆசிரியர் துணையோடு நீங்கள் செய்யத்தக்க முதல் ஏவூர்தி. அதிலும் நியூட்டனின் மூன்றாம் விதி இருக்கிறது. எத்தனை பங்கு நீர் நிரப்பினால் மிக உயரம் செல்லும் என்று பத்து முறை ஏவி, பத்து முறையும் அளந்து, அட்டவணையில் எழுதிப் பாருங்கள். அந்த அட்டவணையை நேர்மையாக எழுதத் தெரிந்தவர்க்கே பெரிய ஏவூர்தியும் ஒருநாள் கைவசமாகும்.

ஜீயபுரத்து வானமும் ஸ்ரீஹரிகோட்டாவின் வானமும் ஒன்றே. 100 கிலோமீட்டர் என்பது எல்லா ஊர்க்கும் ஒரே தொலைவு. அடகு வைத்த வளையல்களாலும் மூன்று நாள் கெடுவாலும் வளர்ந்த ஒரு மாணவரின் பாதை காவிரிக்கரைக் கல்லூரி ஒன்றின் வழியாகச் சென்றது. வாணத்தைக் கண்டு வியப்பதோடு நில்லாமல், 'ஏன்?' என்று கேட்கும் மாணவர் எவராயினும் அப்பாதையில் முதல் அடியை வைத்தவரே.

கற்பவை கற்றபின்

1. புட்டி ஏவூர்தியை ஆசிரியர் உதவியுடன் செய்து, நீரின் அளவுக்கும் அது செல்லும் உயரத்துக்கும் உள்ள தொடர்பை அட்டவணையாக்குக.
2. தமிழகக் கல்வி நிறுவனங்கள் உருவாக்கிய செயற்கைக்கோள்களைக் கால வரிசையில் எழுதி வகுப்பறையில் காட்சிப்படுத்துக.
3. 'வெற்றியைவிடத் தோல்வியே மிகுதியாகக் கற்பிக்கிறது' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.

நம்மை அளப்போம்

பலவுள் தெரிக

1. அனுசாட் செயற்கைக்கோளின் முதன்மைப் பணி
அ) பயிர்களைக் கண்காணித்தல்
ஆ) செய்திகளைச் சேமித்து அனுப்புதல்
இ) பசுங்குடில் வளிகளை ஆராய்தல்
ஈ) விண்மீன்களைப் படமெடுத்தல்

2. பிரித்தெழுதுக: ஏவூர்தி
அ) ஏ + ஊர்தி
ஆ) ஏவ + ஊர்தி
இ) ஏவு + ஊர்தி
ஈ) ஏவூ + உர்தி

குறுவினா

1. கார்மன் கோடு என்பது யாது?
2. செயற்கைக்கோளை ஏவுவதற்கு முன் செய்யப்படும் சோதனைகள் இரண்டனை எழுதுக.

சிறுவினா

1. விண்வெளியைத் தொடுவதற்கும் சுற்றுப்பாதையில் நிலைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
2. சதீஷ் தவனின் தலைமைப் பண்பு குறித்து நீவிர் அறிந்தவற்றை எழுதுக.

நெடுவினா

மாணவர்களின் விண்வெளி முயற்சிகள் உணர்த்தும் உழைப்பு, நேர்மை, விடாமுயற்சி ஆகியவற்றைத் தக்க சான்றுகளுடன் தொகுத்துரைக்க.